தப்புக்குத் தப்பு கழிந்துவிடுமா?

என் தம்பிக்கு வலது கை இப்போது சரியாக வேலை செய்வதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டான். பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஓரளவு திரும்பிவிட்டது. கைதான் வரவில்லை. மாலையில் பெத்தாங்க் விளையாடும் திடலுக்கு இன்றும் வருகிறான். இரும்புக் குண்டைத் தூக்கிப் போட முடியாததால் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, யாருடைய குண்டு குட்டிக் கட்டைக்குக் கிட்ட இருக்கிறது என்று தீர்ப்பு சொல்கிறான். அவன் கண் அளவு தப்பாது என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

இந்தக் கட்டுரை உப்பைப் பற்றியது. அதைவிட, உப்பை எப்படி அளந்தார்கள் என்பதைப் பற்றியது. கணக்கு வருகிறதே என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். நம் வயதுக்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

தம்பிக்கு ரத்த அழுத்தம் பல வருடங்களாக 150-க்குக் குறையாமல் இருந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அவன் மனைவி கெட்டிக்காரி. ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றினாள், கருவாட்டை நிறுத்தினாள், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் விருந்தாளி வந்தால் மட்டும் என்று ஆக்கினாள். ஒரு வருடம் அப்படித்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் அவன் கையில் ஒரு பத்திரிகைத் துண்டோடு என் வீட்டுக்கு வந்தான். உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் சீக்கிரம் சாகிறார்கள், ஒரு லட்சம் பேரை ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது.

"அண்ணே, நீ புள்ளிவிவரத்துல இருந்தவன். இது நெசமா, புருடாவா?" என்று கேட்டான்.

நான் துண்டை வாங்கிப் படித்தேன். படித்துவிட்டு, "லட்சம் பேர்னு போட்டிருக்கான். ஒண்ணு ரெண்டு தப்பு இருந்தாலும் அவ்வளவு பேர்ல அடிபட்டுப் போயிடும்" என்றேன்.

ஊறுகாய் ஜாடி அன்று இரவே பரணிலிருந்து இறங்கியது.

உப்புதான் அவனை வீழ்த்தியது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அப்படிச் சொன்னால் நான் யாரைக் குறை சொல்கிறேனோ அவர்களைவிட மோசமானவன் ஆவேன். ஆனால் நான் அன்று சொன்ன வார்த்தை தப்பு. அது தப்பு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவர்களுக்கு 'தூபிள் தெசிமேத்ர்' தெரியும். இருபது சென்டிமீட்டர் மர அளவுகோல். எங்கள் கணக்கு மேத்ர் ஒரு நாள் வகுப்பில் எல்லாரையும் ஒரே மேசையை அளக்கச் சொன்னார். கோலை எடுத்து எடுத்து வைத்து அளந்ததால் ஆளுக்கு ஒரு அளவு வந்தது. அத்தனையையும் கூட்டிச் சராசரி எடுத்தார். பிறகு தச்சனிடம் இருந்து கொண்டுவந்த மடக்குக் கோலால் அவரே அளந்தார். கிட்டத்தட்ட அதே அளவு. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. "இப்போது சொல்லுங்கள், உங்கள் கோல்கள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, எல்லாவற்றுக்கும் முனை அரை சென்டிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்று வையுங்கள். முப்பது பேருக்குப் பதில் மூவாயிரம் பேர் அளந்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. "ஆள் கூடக் கூட, தப்பான விடையில் நம்பிக்கைதான் கூடும்" என்றார்.

இந்தப் பாடத்தை உத்தியோகத்தில் மறந்துபோனேன். புள்ளிவிவரப் பிரிவில் கிளார்க்காக இருந்தபோது பாகூர், வில்லியனூர் பக்கம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து வருவார்கள். நாங்கள் அட்டவணை போடுவோம். வயது பத்தியைப் பார்த்தால் சிரிப்பு வரும். 60-இல் ஒரு கூட்டம், 65-இல் ஒரு கூட்டம். 61, 62, 63-இல் ஆளே இல்லை. பாட்டிமார்களுக்கு வயது ஐந்து ஐந்தாகத்தான் ஏறும் போலிருக்கிறது. இந்தியக் கணக்கெடுப்புகள் எல்லாவற்றிலும் உள்ள பழைய வியாதிதான் இது. நான் ஒரு முறை மேலதிகாரியிடம் காட்டினேன். "கூட்டிச் சொல்றவனும் உண்டு, குறைச்சுச் சொல்றவனும் உண்டு. தப்புக்குத் தப்பு கழிஞ்சுடும், டைப் அடிக்கக் கொடுய்யா" என்றார். முப்பது வருடம் அந்த வார்த்தையிலேயே காலத்தை ஓட்டினேன். அதைத்தான் தம்பியிடமும் ஒப்பித்தேன்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் புள்ளியியல் படிக்கும் என் பேத்தி கூட வந்து இருந்தாள். நான் அந்தத் துண்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவள் தன் பையிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். கரோல், ரூப்பர்ட், ஸ்டெஃபான்ஸ்கி என்ற மூவர் 1995-இல் எழுதியது. 2006-இல் கிரைனிசியானு என்பவரையும் சேர்த்துக்கொண்டு இரண்டாம் பதிப்பு வந்தது. நேர்கோடு அல்லாத சமன்பாடுகளில் அளவைப் பிழை என்ன செய்யும் என்பதே முழுப் புத்தகமும். நான் அதில் பாதிக்கு மேல் புரிந்துகொண்டதாகச் சொல்ல மாட்டேன். புரிந்த பாதியே எனக்குத் தூக்கம் கெடுத்தது.

முதலில் நேர்கோட்டுக்கு வருவோம். நூறு பேர் சராசரியாக நாளைக்கு 8 கிராம் உப்பு உண்கிறார்கள், இன்னொரு நூறு பேர் 12 கிராம் உண்கிறார்கள் என்று வையுங்கள். பத்து வருடத்தில் முதல் நூறில் 8 பேர் சாகிறார்கள், இரண்டாவது நூறில் 12 பேர். அதாவது 4 கிராம் வித்தியாசத்துக்கு 4 சாவு, கிராமுக்கு ஒன்று. இது கணக்குக்காக நான் வைத்த எண், உண்மைப் புள்ளிவிவரம் அல்ல.

இப்போது இவர்களை ஒரே ஒரு நாள் அளக்கிறோம். யாரும் எல்லா நாளும் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை. கல்யாணச் சாப்பாடு ஒரு நாள், கஞ்சி ஒரு நாள். ஆளாளுக்கு அன்றைக்கு 2 கிராம் கூடவோ குறையவோ இருக்கிறது, பாதிப் பேருக்கு அப்படி, பாதிப் பேருக்கு இப்படி. 8 கிராம் ஆட்களில் ஐம்பது பேர் 6 என்று பதிவாவார்கள், ஐம்பது பேர் 10 என்று. 12 கிராம் ஆட்களில் ஐம்பது பேர் 10, ஐம்பது பேர் 14. நம் ஏட்டில் மிகக் குறைவு 6, மிக அதிகம் 14. 6 என்று பதிவானவர்கள் நூற்றுக்கு 8 சாகிறார்கள், 14 என்று பதிவானவர்கள் நூற்றுக்கு 12. ஆக 8 கிராம் வித்தியாசத்துக்கு 4 சாவு. கிராமுக்கு அரை! உப்பின் கெடுதல் ஏட்டில் பாதியாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. கூடவும் குறையவும் சமமாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்புக்குத் தப்பு கழியவில்லை. இருநூறு பேருக்குப் பதில் இரண்டு லட்சம் பேரை வைத்தாலும் இதே பாதிதான் வரும்.

ஏன் இப்படி? 1805-இல் பிரான்சில் லெழாந்த்ர் வெளியிட்ட 'குறைந்த வர்க்க முறை'யை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். மேலும் கீழும் உள்ள பிழையை, அதாவது விளைவில் உள்ள பிழையை, அந்த முறை பார்த்துக்கொள்ளும். இடமும் வலமும் உள்ள பிழையை, அதாவது காரணத்தில் உள்ள பிழையை, அது கணக்கிலேயே எடுக்காது. காரணத்தைத் துல்லியமாக அளந்திருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டே அது தொடங்குகிறது. வானியலில் நேரத்தைத் துல்லியமாக அளக்கலாம், சரி. மனிதன் தின்கிற உப்பை அப்படி அளக்க முடியுமா?

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. ரத்த அழுத்தத்திலேயே நடந்தது. ஒரு முறை அளந்த அழுத்தத்தை வைத்து, அதற்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பைப் பல காலம் குறைவாக மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1990-இல் மக்மஹோன் முதலானோர் ஒன்பது ஆய்வுகளில் இருந்த சுமார் 4,20,000 பேரின் கணக்கைச் சேர்த்து, இந்தப் பிழைக்குத் திருத்தம் போட்டுப் பார்த்தார்கள். தொடர்பு முன்பு நினைத்ததைவிடச் சுமார் 60 சதவீதம் வலுவாக இருந்தது.

நேர்கோடு என்றால் சேதம் இவ்வளவுதான், சரிவு குறையும். வளைவு என்றால் சேதம் வேறு வகை. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். பத்து அடிக்குப் பத்து அடி சதுரமான அறை. ஒருவர் பக்கத்தை 9 என்று அளக்கிறார், இன்னொருவர் 11 என்று. சராசரி 10, பிழையே இல்லை. பரப்பு? 9-ஐ 9-ஆல் பெருக்கினால் 81, 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. சராசரி 101. உண்மைப் பரப்பு 100. பக்கத்தில் கழிந்துபோன தப்பு, பெருக்கியவுடன் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டது. பிழை 1 அடிக்குப் பதில் 3 அடியாக இருந்தால், 49-உம் 169-உம், சராசரி 109. சதுரம், வர்க்கமூலம், மடங்கு என்று வளைவு எங்கே வந்தாலும் இந்தக் கதைதான். இல்லாத மேடு தெரியும், இருக்கிற பள்ளம் மறையும், நேராகப் போகிற கோடு வளைந்து காட்டும். அந்தப் புத்தகம் மூன்று கெடுதல்களைச் சொல்கிறது: மதிப்பீடு தவறும், உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்கும் வலு குறையும், தரவின் உண்மையான வடிவம் மறையும். மூன்றாவதுதான் என் தம்பியின் வழக்கு.

இனி அந்த லட்சம் பேர் ஆய்வுக்கு வருகிறேன். 2014-இல் புகழ்பெற்ற ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. 17 நாடுகள், 1,01,945 பேர், நம் நாடும் அதில் உண்டு. நாளைக்கு 3 முதல் 6 கிராம் சோடியம் உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு, அதற்கு மேலேயும் ஆபத்து, கீழேயும் ஆபத்து என்றது. ஒரு கிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. அதாவது ஏழரை முதல் பதினைந்து கிராம் உப்பு வரை நல்லது என்றாகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதோ 5 கிராம் உப்புக்குள். வளைவை வரைந்து பார்த்தால் பிரெஞ்சு, ஆங்கில எழுத்தான 'ஜே' மாதிரி, இடது முனை மேலே தூக்கியிருக்கும். பத்திரிகைகள் அந்த இடது முனையைப் பிடித்துக்கொண்டன.

உப்பை எப்படி அளந்தார்கள்? நாம் தின்கிற சோடியத்தில் சுமார் 90 சதவீதம் சிறுநீரில் போய்விடும். ஆகையால் ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரச் சிறுநீரையும் ஒரு கேனில் பிடித்து அளந்தால் அன்றைய உப்பு தெரியும். பல நாள் அப்படிச் செய்தால் ஆளின் வழக்கமான உப்பு தெரியும். ஆனால் கேனைத் தூக்கிக்கொண்டு திரிய யார் சம்மதிப்பார்கள்? ஆகையால் அந்த ஆய்வில் காலையில் ஒரே ஒரு முறை வெறும் வயிற்றில் கொஞ்சம் சிறுநீர் வாங்கி, கவசாகி என்ற ஜப்பானியரின் 1993-ஆம் வருடச் சூத்திரத்தில் போட்டு, 24 மணி நேர அளவை ஊகித்தார்கள்.

அந்தச் சூத்திரத்தை நான் பேத்தியைக் கொண்டு எழுதி வாங்கிப் பார்த்தேன். சிறுநீரில் சோடியத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் ஒரு பக்கம். அந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கிரியேட்டினின் போகும் என்ற ஊகம் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 16.3-ஆல் பெருக்க வேண்டும். கிரியேட்டினின் ஊகம் எதிலிருந்து வருகிறது? ஆணா பெண்ணா, வயது, எடை, உயரம். அவ்வளவுதான்.

45 வயது, 75 கிலோ, 170 சென்டிமீட்டர் உள்ள ஓர் ஆணுக்கு அந்த ஊகம் 1,742 மில்லிகிராம் வருகிறது. 70 வயது, 50 கிலோ, 160 சென்டிமீட்டர் உள்ள ஒரு கிழவருக்கு 974. காலைச் சிறுநீரில் இருவருக்கும் ஒரே விகிதம் வந்தாலும், கிழவர் நாலில் ஒரு பங்கு குறைவாக உப்பு தின்கிறார் என்று சூத்திரம் எழுதிவிடும். இதில் நியாயமும் இருக்கிறது. மெலிந்த உடம்புக்குக் கிரியேட்டினின் குறைவுதான். ஆனால் ஒரு நாள் காலைச் சோடியம் நேற்றுப் போட்ட சாம்பாரையும் குடித்த தண்ணீரையும் பொறுத்து ஆடிக்கொண்டிருக்கும். வயதும் எடையும் ஆடாமல் நிற்கும். சோடியம் சத்தத்தில் கரைந்துபோக, 'உப்பு' என்ற பெயரில் மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு வயதும் மெலிவும் ஆகிவிடுகின்றன. வயதானவர்களும் மெலிந்தவர்களும் முதலில் சாகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க 17 நாடுகள் சுற்ற வேண்டுமா? நோயில் விழுந்து சாப்பாடே குறைந்தவர்களும் 'உப்பு குறைத்தவர்கள்' பட்டியலில்தான் வருவார்கள் என்பது வேறு.

இது கிழவனின் ஊகம் என்று தள்ளிவிடாதீர்கள். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் தொடங்கிய ஒரு ஆய்வில் சுமார் 3,000 பேரிடம், ஒவ்வொருவரிடமும் 3 முதல் 7 முறை, 24 மணி நேரச் சிறுநீர் பிடித்திருந்தார்கள். பிறகு இருபது வருடங்களுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2018-இல் அந்தத் தரவை எடுத்து, ஒரே ஆட்களுக்கு இரண்டு விதமாகக் கணக்குப் போட்டார்கள். பல முறை அளந்த உண்மையான அளவை வைத்தால், உப்பு ஏற ஏறச் சாவும் ஏறுகிறது, கோடு நேராகப் போகிறது. அதே ஆட்களுக்குக் கவசாகி சூத்திரத்தைப் போட்டால், இடது முனை தூக்கிக்கொண்டு 'ஜே' வந்து நிற்கிறது. ஆட்கள் அதே ஆட்கள், சாவுகள் அதே சாவுகள், கோல் மட்டும் வேறு. சோடியத்தை ஏறக்குறைய மாறாமல் வைத்துக்கொண்டு சூத்திரத்தை ஓட்டினாலும் சாவோடு தொடர்பு தெரிகிறது என்றும் அதே குழுவினர் காட்டினார்கள். உப்பே மாறாதபோது தெரிகிற தொடர்பு உப்பின் தொடர்பாக எப்படி இருக்கும்?

2022 ஜனவரியில், குறைந்தது இரண்டு முறையாவது 24 மணி நேரச் சிறுநீர் அளந்த ஆறு ஆய்வுகளைச் சேர்த்து, 10,709 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். சோடியம் 1,000 மில்லிகிராம் கூடினால், அதாவது இரண்டரை கிராம் உப்பு கூடினால், இதய, ரத்தக்குழாய் நோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது. அங்கேயும் இடது முனை தூக்கவில்லை.

எதிர்த் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 3,000 பேரில் மிகமிகக் குறைவாக உப்பு உண்டவர்கள் கொஞ்சம்தான். அதனால் கோட்டின் கீழ்க்கோடி அவ்வளவு உறுதியானது என்று சொல்ல முடியாது. லட்சம் பேரிடம் கேன் கொடுத்துப் பிடிக்கச் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். சிறுநீர் அதிகம் போக மாத்திரை சாப்பிடும் சில முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் வருவதும் உண்டு. அது அவரவர் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் நம் வீட்டு இலையில் ஊறுகாயும் அப்பளமும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக்கொண்டு, 'உப்புக் குறைவின் ஆபத்து' பற்றிக் கவலைப்படுவது, வீராம்பட்டினத்துக் கடலில் நின்றுகொண்டு தண்ணீர்ப் பஞ்சம் என்று அழுவது மாதிரி. உலகச் சராசரியே ஐந்து கிராமுக்கு இரு மடங்குக்கு மேல் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

என் கோபம் ஆய்வாளர்கள் மலிவான கோலைப் பயன்படுத்தினார்கள் என்பதில் இல்லை. கையில் காசு எவ்வளவோ அவ்வளவுதான் செய்ய முடியும். ஆனால் மலிவான கோலைப் பயன்படுத்தியவன் அந்தக் கோல் எவ்வளவு தேய்ந்தது என்பதையும் அளந்து, திருத்தம் போட்டு, அதன் பிறகுதான் வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு வழிகள் இருக்கின்றன. லட்சம் பேரில் சில நூறு பேரிடமாவது பல நாள் கேன் பிடித்து, சூத்திரத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தைக் கண்டு, மற்றவர்களின் எண்ணையும் அதன்படி சரிசெய்யலாம். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1994-இல் குக், ஸ்டெஃபான்ஸ்கி என்ற இருவர் சொன்னது. கையில் உள்ள எண்களில் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் பிழையைக் கலந்து கணக்குப் போடு. இன்னும் கொஞ்சம் கலந்து மறுபடி போடு. பிழை ஏற ஏற விடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதே பாதையில் பின்னால் நடந்து, பிழையே இல்லாதிருந்தால் விடை எங்கே இருந்திருக்கும் என்று ஊகி. நம் கண்ணாடி எவ்வளவு அழுக்கு என்று தெரிய, அதன்மேல் இன்னும் கொஞ்சம் தூசி தூவிப் பார்ப்பது மாதிரி. ஆனால் இதற்கும் பிழை எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அந்த அடக்கம்தான் எல்லாவற்றுக்கும் முதல் படி.

அளவையே தேவையில்லாத வழி ஒன்றும் உண்டு. சீட்டுப் போட்டுப் பிரிப்பது. சீனாவில் 600 கிராமங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். பாதிக் கிராமங்களுக்கு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு, மீதிக்கு வழக்கமான உப்பு. சுமார் 21,000 பேர், ஏறத்தாழ ஐந்து வருடம். 2021-இல் முடிவு வந்தது. மாற்று உப்பு உண்ட கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, மொத்தச் சாவு 12 சதவீதம் குறைவு. பொட்டாசியமும் கூடியதால் பெருமை முழுவதும் உப்புக் குறைவுக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோடியத்தைக் குறைத்தவர்கள் சாகவில்லை என்பதைத் தேய்ந்த கோல் எதுவும் இல்லாமலே அது காட்டுகிறது. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசிய உப்பு ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.)

ஆக, நண்பர்களே, இனிமேல் யாராவது உங்களிடம் ஒரு துண்டையோ கைப்பேசிச் செய்தியையோ நீட்டி, "லட்சம் பேரை ஆராய்ந்தார்களாம்" என்றால், எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எதைக் கொண்டு அளந்தார்கள், எத்தனை முறை அளந்தார்கள், கோலைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், செய்தியை மடித்து வைத்துவிட்டு உங்கள் மருத்துவர் சொன்னதைச் செய்யுங்கள்.

அந்த மூன்று கேள்வியை நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கேட்காததற்கு ஒரு காரணமும் இல்லை, சோம்பல்தான். புள்ளிவிவரத்தில் இருந்தவன் என்று தம்பி என்னை நம்பினான். நான் மேலதிகாரியின் வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன்.

போன வாரம் திடலில் அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்போ அன்னைக்கு நீ சொன்னது தப்பா?" என்றான்.

"தப்புதான்."

"நானும் ஊறுகாய் திங்கணும்னுதானே உன்கிட்ட வந்து கேட்டேன்? உன் தப்புக்கும் என் தப்புக்கும் கழிஞ்சு போச்சு, விடு" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. இன்னும் கழியவில்லை.